உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

மச்சம் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் வழக்கம் எம்மிடையே உண்டு. மச்சம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இல்லை. அதிலும் உள்ளங்காலை நாம் பார்ப்பதே அரிது.

மச்சம் என்றால் என்ன?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் கலங்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் மச்சம். பெரும்பாலான மச்சங்கள் தீங்கற்றவை. அக்கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் அது மெலனோமா என்னும் புற்றுநோய். வெள்ளைத் தோலினரிடையே இது அதிகம். வெயில் முக்கிய காரணம். கறுத்த தோலினருக்கு அரிது. ஆனால் வரும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் அடிக்கடி வருகிறது.

ஜமைக்காவின் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1981 மே 11இல், 36ஆவது வயதில் இறந்தார்.

மேடும் சாலும்

உழுத வயலைப் போல உள்ளங்கால் தோலிலும் மேடும் சாலும் உண்டு. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் சால் வழியே கோடாக ஓடும். மெலனோமாவின் நிறமோ மேடுகளின் மேல் பட்டையாகப் படரும். யப்பானியத் தோல் வைத்தியர்கள் இதை ஆராய்ந்து விளக்கினர். வெறுங்கண்ணுக்கு இது தெளிவாகத் தெரியாது. வைத்தியர் ஒளியுள்ள உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். சந்தேகமெனில் தோலில் சிறு பகுதியை எடுத்துச் சோதிப்பர். அதுவே முடிவானது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. இரு பாதியும் ஒத்திராத, ஓரம் ஒழுங்கற்ற புள்ளி.
2. ஒரே புள்ளியில் பல நிறங்கள்.
3. 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அளவு, பெரிதாகிக்கொண்டே போதல்.
4. ஆறாத புண், இரத்தக் கசிவு.
5. ஒரு நகத்தில் மட்டும் அகன்றுவரும் கறுப்புக் கோடு; அது நகத்தைச் சூழ்ந்த தோலுக்கும் பரவுதல். பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது எம்மவரிடையே சாதாரணம்.

அடிபட்டு வந்த இரத்தக் கறை, நகம் வளர வளர முன்னே நகர்ந்து மறையும். மறையாவிட்டால் காட்டவேண்டும்.

செய்யக்கூடாதவை

ஆணி என்று எண்ணிப் பிளேட்டால் சீவுவதும், சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், மயிர் கட்டி அறுப்பதும் வேண்டாம். இவை மேற்புறத்தை மறைக்குமேயன்றி, உள்ளே வேர்விடுவதைத் தடுக்கா. தோலோடு நிற்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். ஆழமாகப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

மாதம் ஒருமுறை கால் கழுவியபின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாத முதியோருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். மாற்றம் கண்டால் வைத்தியசாலைக்குச் சென்று, "இது எப்போது தொடங்கியது, எப்படி மாறியது" என்று சொல்லுங்கள்.

சிந்திக்க: எமது கிராமத்தில் காலில் ஆறாத புண்ணுடன் வேலைக்குச் செல்வோர் யார்? அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல நாம் என்ன செய்யலாம்?