முதலில் மரை, பிறகு எலும்பு

அன்புள்ள மலர்விழிக்கு,

நீ அனுப்பிய இரண்டு எக்ஸ்ரேக்களையும் பார்த்தேன். மூன்றே மாதத்தில் இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு இறங்கிவிட்டதே என்று பதறியிருக்கிறாய். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். திருகின் மரைகள் ஒரு பக்கம் கூர்மையாகவும், மறுபக்கம் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகவும் தெரிகின்றன. கதிர் சாய்வாக விழுந்திருக்கிறது. எலும்பு குறைந்ததா இல்லையா என்று சொல்ல அந்தப் படத்துக்கு அருகதை இல்லை. இரு பக்க மரைகளும் தெளிவாக இருந்தால்தான் எலும்பின் விளிம்பைத் தேடு.

அந்த மரைகளே வாய்க்குள் இருக்கும் அளவுகோல். ஸ்வீடனில் பிரோனமார்க் உருவாக்கிய பழைய திருகில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 0.6 மி.மீ. நீ வைக்கும் இம்ப்ளான்ட்டின் இடைவெளி கம்பெனி கையேட்டில் இருக்கும். அதைக் கொண்டு திரையில் அளந்தால் படம் பெரிதாக விழுந்திருந்தாலும் கணக்கு தப்பாது.

முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவான எலும்பு இழப்பு என்று 1986-ல் ஆல்பிரெக்ட்சன் குழு வகுத்த அளவைப் பாடத்தில் படித்திருப்பாய். நல்ல அளவுதான். ஆனால் ஒரே நோயாளியின் இரண்டு படங்களை வைத்து 0.2-ஐத் துல்லியமாகப் பிடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பல வருடப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

டிஜிட்டலில் இன்னொரு வம்பும் உண்டு. மென்பொருளில் 'ஷார்ப்' பட்டனை அழுத்தினால் உலோகத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு முளைக்கும். இம்ப்ளான்ட் எலும்போடு சேரவில்லையோ என்று பயமுறுத்தும். அசல் படத்தைத் திறந்து பார். அங்கே கோடு இல்லையென்றால் அது மென்பொருளின் கைவேலை.

வாராவாரம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். துளையிட்ட இடத்தில் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளரும்போது, மூன்று, நான்கு வார வாக்கில் பிடிமானம் சற்றுத் தளரும். அது எக்ஸ்ரேயில் தெரியாது; தாதுச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது போன பிறகுதான் நிழல் மாறும். சர்ஜரி அன்று ஒன்று, கேப் மாட்டிய அன்று ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று. கேப் மாட்டிய அன்று எடுப்பதைத்தான் பிற்பாடு எல்லாவற்றோடும் ஒப்பிடுவாய், அதில் அவசரப்படாதே. இடையில் வலி, ஆட்டம், சீழ் என்று வந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் எடு.

உதட்டுப் பக்கத்து எலும்பு இந்த வகை எக்ஸ்ரேயில் உலோகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தாலும் டைட்டானியத்தைச் சுற்றிக் கீற்றுகள் விழுந்து குழப்பும். எனவே ஈறை புரோப் வைத்து மெதுவாகத் தொட்டு, ரத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விடாதே.

அந்த நோயாளிக்கு ஒரு படம் மட்டும் திரும்ப எடு. சென்சார் ஹோல்டரின் கடிக்கும் பகுதியில் கொஞ்சம் சிலிக்கான் வைத்துக் கடிக்கச் சொல். அந்த அச்சை அவர் பெயர் எழுதி எடுத்து வை; அடுத்த முறை அதே கோணம் கிடைக்கும். புதுப் படத்தை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா