நார்மல் ஆன பிறகும் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஐந்து மாதத்துக்கு முன்பு காலில் அடிபட்டுக் கட்டுப்போடப் போன இடத்தில் பிரஷர் பார்த்தார்கள். 168/102 இருந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லிப் பார்த்தும் குறையவில்லை என்பதால், ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டார். போன மாதம் 128/80 வந்ததும், ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிட்டார். நான்கு நாள் கழித்து மருந்துக்கடையில் பார்த்தபோதும் 132/84தான். ‘எனக்குத் தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. வருஷக்கணக்கில் மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும்’ என்கிறார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனதாம். அவர் சொல்வது சரியா டாக்டர்?
– வாசகி, திண்டிவனம்

பதில்: சரியில்லை அம்மா. தள்ளிப்போடாமல் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்த 128/80, மாத்திரை போட்டதால் வந்த எண். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதை வைத்தே மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

நான்கு நாளில் ஏறவில்லையே என்று அவர் கேட்பார். ஆம்லோடிபின் உடம்பில் மெதுவாகக் குறையும் மருந்து. நிறுத்திய பிறகு முழுவதும் வெளியேற ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். அவர் மருந்துக்கடையில் பார்த்த அன்றும் பழைய மாத்திரைதான் அவரைக் காத்துக்கொண்டிருந்தது. இப்போது பார்த்தால் வேறு எண் வரும் என்றே நினைக்கிறேன்.

தலைவலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலானவர்களிடம் எந்த அறிகுறியும் காட்டாது. உங்கள் கணவருக்கே கால் காயத்துக்காகப் போன இடத்தில்தானே தெரிந்தது! 180 இருக்கும்போதும் சிலர் வயல் வேலை பார்த்துவிட்டு வந்து என் எதிரே சாதாரணமாக உட்கார்ந்திருப்பார்கள். ரத்தக் குழாய்ச் சுவர் தடிப்பதும், இதயத் தசை பருப்பதும், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் சேதமாவதும் வலிக்காமல் நடப்பவை.

மாத்திரை இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சொல்லலாம். 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108. உலகின் மிகச் சக்தி வாய்ந்த நாட்டின் தலைவருக்கே அன்றைய மருத்துவர்களால் உப்பைக் குறைக்கவும், ஓய்வெடுக்கவும் சொல்வதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று பின்மண்டையில் கடுமையான வலி என்றார், நினைவிழந்தார். மூளையில் ரத்தக்கசிவு. அன்று பதிவான அழுத்தம் 300/190. நம்பிச் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் 1950-களின் இறுதியில்தான் வந்தன. அன்று அவருக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தெருக்காரரின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணங்களில் சர்க்கரைக்கு அடுத்து வருவது கட்டுப்படாத ரத்த அழுத்தம். பல வருடம் பார்க்காமலே விட்டு, கிட்னி கெட்ட பிறகு மாத்திரை ஆரம்பித்தவர்கள் ஏராளம். ஊர் கண்ணுக்கு மாத்திரைதான் தெரியும், அதற்கு முந்திய பத்து வருடம் தெரியாது. கிட்னியை நிஜமாகக் கெடுக்கக்கூடியவை, மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள். அவை பிரஷரையும் ஏற்றும். கால் காயத்துக்கு வாங்கியதை அவர் இன்னும் தொடர்கிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் பக்குவமாகக் கேளுங்கள். மாலையில் வீடு திரும்பும்போது செருப்பு வார் இறுக்குகிறதா? கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? ஆம்லோடிபின் சிலருக்கு இப்படிக் கால் வீக்கம் தரும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது கூடுதலாகத் தெரியும். பயந்துபோய், வெளியே சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சொன்னால் போதும், அளவைக் குறைக்கலாம், டெல்மிசார்டான் போன்ற வேறு மருந்து சேர்க்கலாம். ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வருகிறவர்களும் சொன்னால் போதும், வேறு மருந்துக்கு மாற்றலாம். அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. நெஞ்சுவலியோ, பிரஷர் எகிறுவதோ நேரலாம்.

வீட்டில் பார்க்க மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகு, முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். கையை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். கடைவாசலில் நின்றபடி, சட்டைக் கையைச் சுருட்டி, பேசிக்கொண்டே பார்த்த எண்ணை நம்ப முடியாது. காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லை, வீட்டில் 135/85.

எடை குறைந்து, குடி இருந்தால் அதையும் விட்டு, உப்பையும் குறைத்தால் மருத்துவரே மாத்திரை அளவைக் குறைக்கலாம். அந்த முடிவை எண்ணைப் பார்த்து அவர் எடுக்கட்டும். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, கை தொய்வது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் மெஷினைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையுமா?
– வாசகர், தேனி

பதில்: குறையாது. இந்துப்பு, கல்லுப்பு, தூள் உப்பு மூன்றும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பார்க்க வேண்டியது அளவு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட்மேல் எழுதிவைத்துப் பாருங்கள், பெரும்பாலான வீடுகளில் அதற்கு வெகு முன்பே தீர்ந்திருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கடை மிக்சர் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. பொட்டாசியம் கலந்த சோடியம் குறைந்த உப்பு நிஜமாகவே உதவும். சீனக் கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கேள்வி: வயது 29. டெல்மிசார்டான் சாப்பிடுகிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்...
– வாசகி, ஈரோடு

பதில்: கர்ப்பத்துக்கு முன்பே கேட்டது மிக நல்லது. டெல்மிசார்டானும் அந்த வகை மருந்துகளும் வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். புது மருந்தில் பிரஷர் கட்டுக்குள் நிற்கிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டுத் திட்டமிடலாம். தேதி தள்ளிப்போனால் அன்றே பரிசோதித்து, மகப்பேறு மருத்துவரிடம் பிரஷர் இருப்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.