மவ்த்து வீட்டில் இன்னொரு பிள்ளை



ஒரு வீட்டில் பிள்ளை மவ்த்தாகிவிட்டால் ஜமாஅத்தே கூடி வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஆறுதல் சொல்கிறோம். அதே வீட்டில் 14, 15 வயதில் இன்னொரு பிள்ளை நாற்காலி போட்டுக்கொண்டும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டும் இருக்கும். "இனி நீதான் உம்மாவுக்குத் துணை, அழக்கூடாது" என்று அதனிடம் சொல்லிவிட்டு வருகிறோம்.

2004 டிசம்பர் 26 சுனாமி நம் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறாக்கிப் போட்டதை ஊர் அறியும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கடலூரில் அரசு இல்லம் அமைந்தது. தாய் தந்தை பிழைத்து, தம்பியை மட்டும் பறிகொடுத்த பிள்ளையை யார் விசாரித்திருப்பார்கள்?

அனஸ் (ரலி) அவர்களின் தாய் வழித் தம்பி அபூ உமைர். அந்தக் குழந்தை வளர்த்த குருவி செத்தபோது, நபி (ஸல்) அவர்கள் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, குருவி என்னாயிற்று என்று விசாரித்தார்கள். பிறகு நோயில் இறந்த உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் மகன் இவர்தாம் என்பர் விரிவுரையாளர்கள். இரண்டு செய்தியையும் நமக்கு அறிவித்தவர் அண்ணனான அனஸ் அவர்களே. நம் பயான்களில் அந்தத் தாயின் பொறுமையைக் கேட்கிறோம். இளவயது அண்ணன் ஒருவர் அங்கே இருந்தது பேசப்படுவதில்லை.

மூன்று நாளோடு துக்கம் முடிந்தது என்று பிள்ளையை அதட்டுவோரும் உண்டு. சகோதரர் இறந்து மூன்று நாளானபின் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) நறுமணம் பூசினார்கள். அது அலங்காரத்தைத் தவிர்ப்பது பற்றிய சட்டம். மனவேதனைக்கு மார்க்கம் நாள் குறிக்கவில்லை.

இந்த வயதில் துக்கம் கோபமாக வரும், வயிற்றுவலியாக வரும், மார்க் குறையும். 'கடைசியாக செல்போனுக்காக அவனோடு சண்டை போட்டேனே' என்று உள்ளே அறுக்கும். உம்மா பார்த்தால் தாங்கமாட்டார் என்று தலையணையில் முகம் புதைத்து அழும் பெண்பிள்ளைகள் உண்டு.

இறந்தவரின் பெயரை வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். "அவன் இருந்தால் முதல் மார்க் எடுத்திருப்பான்" என்று மட்டும் ஒப்பிடாதீர்கள். தம்பி பேரில் தன் கையால் ஸதகா கொடுக்கட்டும். வகுப்பு ஆசிரியரிடம் விவரம் சொல்லிவையுங்கள்.

பல வாரம் உறக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால் ஓதிப் பார்ப்பதோடு நிற்காமல் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "நானும் போய்விடுகிறேன்" என்று பிள்ளை சொன்னால் தனியே விடாமல் அன்றே காட்டுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் பேசலாம்.