கதிர்ச் சிகிச்சைக்கு முன் டொக்டரிடம் என்ன கேட்பது?

மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்த பிறகு சிலருக்குக் கதிர்ச் சிகிச்சையும் தேவைப்படும். லயத்தில் இதைக் "கரண்ட் பிடிக்கிறது" என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டே கிளினிக் போகாமல் விடுகிறவர்கள் உண்டு. உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் வலு கூடிய கதிர்தான் அது. மெசினுக்குக் கீழே சில நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். அந்த நேரம் வலிக்காது. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கலாம், அதுக்கு ஒன்றும் ஆகாது.

"எனக்கு இது ஏன் வேணும்?" என்று முதலில் கேளுங்கள். கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கதிர் கொடுப்பார்கள். மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கு, கட்டியின் அளவையும் கமக்கட்டு வரை நோய் பரவியதா என்பதையும் பார்த்தே முடிவு செய்வார்கள்.

"எத்தனை நாள்?" நம்ம பெண்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. வழக்கமாகக் கிழமைக்கு 5 நாள்படி 3 முதல் 5 கிழமை போகும். பேர் விழாமல் அடுப்பு எரிவது எப்படி என்று பாதியில் நிறுத்தினால், பட்ட பாட்டுக்குப் பலன் குறைந்துவிடும். இரத்தினபுரிப் பக்கத்தாருக்கு மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரி. கேகாலைப் பக்கத்தார் சிலருக்குக் கண்டி கிட்ட. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. பஸ் காசுதான் இடிக்கும். தங்கியிருந்து எடுக்க வசதி உண்டா, தோட்டத்தில் காட்டக் கடிதம் தருவீங்களா என்று தொடங்க முன்னமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கை. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டியிருக்கும். அதற்கு என்ன பயிற்சி, கொழுந்துக் கூடையை எப்போது தூக்கலாம், கை வீங்கினால் யாரிடம் வருவது என்று கேளுங்கள். தோல் சிவக்கும், கறுக்கும், சோர்வு வரும். மஞ்சள், சந்தனம், எண்ணெய் எதையும் கேட்காமல் பூச வேண்டாம். போட்ட மை அடையாளத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம்.

நீங்கள் சொல்ல வேண்டியதும் இருக்கிறது: சீனி வியாதி, இருதய வருத்தம், முன்பு எடுத்த கதிர்ச் சிகிச்சை, வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்ற சந்தேகம். கடைசியாகச் சொன்னதை மறைக்கவே கூடாது.

டொக்டர் சிங்களத்தில் பேசினால் விளங்காமலே தலையாட்டிவிட்டு வருகிறோம். சிங்களம் தெரிந்த மகளையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ கூட்டிப் போங்கள். கேள்விகளைக் கொப்பித் தாளில் எழுதி, கிளினிக் கொப்பி, ரிப்போர்ட்டுகளோடு ஒரே பையில் முதல் நாள் இரவே வையுங்கள்.