மிருதங்கத்தின் கருப்பு வட்டம்

கேள்வி: மிருதங்கத்தின் வலந்தலையில் கருப்பாகப் பூசுவது எதற்கு?

பதில்: தோலிலிருந்து சுருதியைப் பெறுவதற்கு. இழுத்துக் கட்டிய தந்தி முழு நீளமாகவும், இரண்டு, மூன்று, நான்கு பகுதிகளாகவும் ஒரே நேரத்தில் அதிரும். அந்த அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்ற முழு எண் விகிதத்தில் அமைவதால் காது அவற்றை ஒரே ஸ்வரமாகச் சேர்த்துக் கேட்கிறது. வெறும் வட்டத் தோலில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே விகிதங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று போகும். ஓசை உண்டு, தெளிவான ஸ்வரம் இல்லை.

இதைச் சரிசெய்வது கருப்பு வட்டமான கரணைதான். அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் மிக அதிகமாக அசைகிறது. அங்கே எடை கூடினால் அந்த அதிர்வெண் நன்றாகத் தாழ்கிறது. அடுத்த அதிர்வில் நடுவே அசையாக் கோடு ஒன்று ஓடுவதால் எடையின் பாதிப்பு குறைவு. விளைவாக, 1.59 ஆக இருந்த விகிதம் 2-ஐ எட்டுகிறது, 2.14 ஏறத்தாழ 3 ஆகிறது.

இதை ஆராய்ந்து சொன்னவர் சர் சி. வி. ராமன். சிவகாளி குமாருடன் 1920-லும், தனியாக 1934-லும் கட்டுரைகள் வெளியிட்டார். தோல்மீது நுண்மணலைத் தூவி அசையாக் கோடுகளைக் கண்டார். ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து ஸ்வரங்களாக, 1 முதல் 5 வரையிலான விகிதத்தில், திரள்வதைக் காட்டினார். கணக்கு ஏதும் எழுதாமல், காதை மட்டும் நம்பி இந்த விகிதத்தை எட்டிய கைவினைஞர்களின் சாதனை வியப்புக்குரியது. கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்து, நாதம் சேரும்வரை அவர்கள் கரணையை வளர்க்கிறார்கள்.