பூவில் தூள் இல்லையென்று பிடுங்கிவிடாதே

அன்புள்ள தம்பி,

றொசல்லயிலிருந்து கோயம்புத்தூருக்குப் பருத்தி இனவிருத்தி படிக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நம் தேயிலை மலையில் பூவை யார் பார்க்கிறார்கள்? கொழுந்துதான் கணக்கு. வி.பி. தேயிலை தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டு வளர்த்தது. நாற்றுத் தவறணையில் ஒரு கன்றைப் பார்த்தால் அந்த இனம் முழுதையும் பார்த்த மாதிரி. அந்தப் பழக்கத்தோடு பருத்திக் காட்டுக்குள் இறங்காதே.

காலையில் விரிந்த பூ ஒன்றில் மகரந்தப்பைகள் சூம்பிக் கிடக்கும். விரலால் தடவினால் தூள் ஒட்டாது. சூல்முடி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சீக்குச் செடி என்று பிடுங்கக் கை போகும். பொறு. நூல் கட்டி அடையாளம் வை. கடும் வெயிலும் மகரந்தத்தைக் கெடுக்கும். வெயில் தணிந்ததும் அதே செடி நல்ல பூ பூத்தால் அது பரம்பரைக் குறை இல்லை. வெயில் தணிந்த பிறகும் மாறாவிட்டால், வேறு செடியின் மகரந்தத்தை வைத்துக் காய் பிடிக்கவை.

எம்.எஸ்.5, எம்.எஸ்.6 என்ற இரண்டு ஒடுங்கு மரபணுக்களும் இரட்டையாகச் சேர்ந்தால் இந்தக் குறை வரும். நல்ல இனத்தோடு கலந்தால் முதல் தலைமுறையில் ஒளிந்துகொள்ளும். இரண்டாம் தலைமுறையில் 16-க்கு ஒன்றாகத் தலைகாட்டும். அதற்காக 16 செடி நட்டுவிட்டுக் காத்திருக்காதே. ஒன்றுகூடத் தென்படாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு 95 நிச்சயம் வேண்டுமென்றால் 47 செடியாவது வேண்டும்.

இந்தக் குறைக்கும் ஒரு பயன் உண்டு. 1970-இல் சூரத்தில் இனவிருத்தியாளர் சி.டி. பட்டேல் தந்த எச்-4 பருத்திக் கலப்பினத்துக்கு, பூப்பூவாக ஆண் பாகத்தைக் கையால் உரித்து நீக்கித்தான் விதை எடுத்தார்கள். 1978-இல் கோயம்புத்தூரில் வெளிவந்த சுகுணா கலப்பினத்துக்கு அந்த வேலை இல்லை. குறையுள்ள செடியே தாய். ஆனால் அந்தத் தாய் வரிசையிலும் பாதிச் செடி மகரந்தத்தோடு வரும். பூத்த பிறகுதான் தெரியும். தெரிந்ததும் நல்ல செடியைப் பிடுங்கி எறிய வேண்டும்! எந்த விவசாயிக்கு மனசு வரும்? கையால் உரிக்கும் முறை இன்றும் ஒழியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அதனால் முதல் பருவத்தில் கலப்பினக் கனவை ஒதுக்கி வை. தூள் உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று செடிவாரியாக, முதல் பூ விரிந்த தேதியோடு எழுதி வை. பருவம் முடிந்ததும் அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு.