கேள்வி கேட்கக் கற்போம்



எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் செய்தி படிக்கவும் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அது தவறு என்பதை இவ்வாண்டு ஒரு வகுப்பில் உணர்ந்தேன்.

அன்று சிஸ்டர் கரும்பலகையில் ஒரு செய்தியை எழுதினார். "அவசரம்! சிப்காட்டில் விஷவாயு கசிகிறது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

எங்களில் பலருடைய தந்தையர் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை செய்பவர்கள். வகுப்பே அமைதியாகிவிட்டது. உடனே சிஸ்டர், "பயப்படாதீர்கள், இது நானே கற்பனையாக எழுதியது. இதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள்" என்றார். பார்த்தோம். எந்த ஆலை என்று இல்லை. நாள் இல்லை. சொன்னவர் பெயர் இல்லை. வாயுவுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்ற விளக்கமும் இல்லை. அச்சமும் அவசரமும் மட்டுமே இருந்தன.

"உண்மையாகவே இருந்துவிட்டால், சிஸ்டர்?" என்று ஒரு தோழி கேட்டாள்.

"ஐயப்படுவது என்றால் சும்மா இருப்பது அன்று, தெரிந்தவரிடம் கேட்பது. 101-க்குப் பேசித் தீயணைப்பு நிலையத்தைக் கேள். வேலையில் இருக்கும் அப்பாவைக் கேள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்" என்றார் சிஸ்டர்.

இது வெறும் வகுப்பறைப் பயிற்சி அன்று. பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் வந்திருப்பதாக 2018-ஆம் ஆண்டு வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அவ்வாண்டு மே மாதம், நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், அதை நம்பிய கூட்டம் ஒரு மனிதரை அடித்துக் கொன்றது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளர் பலர் அஞ்சி ஊருக்குப் புறப்பட்டனர். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. முதல் வதந்தியில் நாம் அவர்களைக் கண்டு அஞ்சினோம். இரண்டாவதில் அவர்கள் நம்மைக் கண்டு அஞ்சினார்கள். நம் ஆலைகளிலோ இரு சாராரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள்!

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலும் இத்தகைய துன்பம் நேர்ந்தது. 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பற்றிய வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தனர். அதன்பின் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணக் கற்பிக்கத் தொடங்கியது. அத்திட்டத்தின் பெயர் 'சத்தியமேவ ஜயதே'.

எந்தச் செய்தி வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. முதலில் சொன்னவர் யார்?
2. எங்கே, எப்போது நடந்தது?
3. படம் அந்த நிகழ்ச்சியுடையதுதானா?
4. வேறு யாரேனும் விசாரித்து எழுதியிருக்கிறார்களா?
5. இதை நான் நம்பினால் யாருக்கு லாபம், யாருக்குக் கேடு?

வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்வது எளிதன்று. "அது பொய்" என்று நான் சொன்னபோது பாட்டிக்குக் கோபம் வந்தது. மறுமுறை, "இது எப்போது நடந்ததாம், பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீண்டும் ஒருமுறை படித்தார். "தேதியே போடலையேடி" என்றார். அந்தச் செய்தி எங்கள் வீட்டோடு நின்றது.

தோழியரே, நாமும் அப்படி ஒரு நிமிடம் நின்று படிப்போம். அந்த ஒரு நிமிடத்தில் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.

— பத்தாம் வகுப்பு மாணவி